மைனஸ் மேடத்தின் டெஸ்ட் கால்

மனிதர்கள் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்ளும் லட்சணம் மைனஸ் மேடத்துக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. அவளுக்கு அதுதான் உத்தியோகம். ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கிற ஒரு கம்பெனியின் கால் சென்டரில், புகார் சொல்லக் கூப்பிடுகிறவர்களிடம் பையன்களும் பெண்களும் எப்படிப் பேசுகிறார்கள் என்று ஹெட்செட் மாட்டிக்கொண்டு கேட்டு மார்க் போடுவாள். மார்க் போடுவாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. நூறில் ஆரம்பித்துக் கழித்துக்கொண்டே வருவாள். வணக்கத்தில் சிரிப்பு இல்லையா, கழி. பேர் சொல்லிக் கூப்பிடவில்லையா, கழி. வருத்தம் தெரிவிக்கத் தாமதமா, இன்னும் கழி. பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் மிச்சம். கேன்டீனிலும் மாடிப்படியிலும் அவள் மைனஸ் மேடம். அந்தப் பேர் அவள் காதுக்கும் வந்திருந்தது. பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பிள்ளைகள் பேசுகிற வசனங்களை எழுதிக் கொடுத்ததும் அவள்தான். 'உங்க சிரமம் எனக்குப் புரியுது' அவள் எழுதியது. 'நாங்க உங்ககூட இருக்கோம்' அவள் எழுதியது. யாருடைய சிரமமும் யாருக்கும் புரிய வேண்டிய அவசியமே இல்லை, புரிந்த மாதிரி இரண்டு வார்த்தை காதில் விழுந்தால் பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள் என்பது அவள் அனுபவத்தில் கண்ட உண்மை. மீதிப் பேர் எதற்கும் அடங்க மாட்டார்கள். கடைசியில் 'வேற ஏதாவது உதவி வேணுமா?' என்று கேட்டே ஆக வேண்டும். எதிர்முனையில் திடீரென்று பேச்சு நின்றுபோனால் என்ன செய்வது என்பதற்கும் சட்டம் அவளுடையதே. 'கேக்குதா?' என்று இரண்டு தடவை கேள். பதில் இல்லையா, வைத்துவிடு. அடுத்த ஆள் காத்திருக்கிறான்.

இது போதாதென்று அவ்வப்போது டெஸ்ட் கால் வேறு. அவளே வாடிக்கையாளர் வேஷம் கட்டிக்கொண்டு கூப்பிடுவாள். ஒரு நாள் ஃபிரிட்ஜ் ஒழுகி வீடெல்லாம் தண்ணீராகிப்போன விதவை, இன்னொரு நாள் வாஷிங் மெஷினில் பட்டுச் சேலையைப் பறிகொடுத்த புது மருமகள். எதிரே இருக்கிற அப்பாவி உருகி உருகி ஆறுதல் சொல்லும். இவள் இந்தப் பக்கம் கழித்துக்கொண்டிருப்பாள். டெஸ்ட் கால் போடுகிறவர் எந்தக் கேள்விக்கும் திணறக் கூடாது. மெஷின் எந்த மாடல், எந்தக் கடையில் வாங்கியது, தண்ணீர் முன்பக்கம் ஒழுகுகிறதா பின்பக்கமா, எல்லாம் நுனிநாக்கில் இருக்க வேண்டும். ஒரு கேள்விக்கு மென்று விழுங்கினால் போதும், வேஷம் கலைந்துவிடும். மைனஸ் மேடம் இதுவரை மென்று விழுங்கியதே இல்லை.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு நாள் மத்தியானம் மகளிடமிருந்து போன் வந்தது. ஒரே மகள். கல்யாணமாகி அதே ஊரின் மறுகோடியில் குடியிருந்தாள். முதல் முறையாக உண்டாகி நாலாம் மாதம். ஒரு பையன் பேசிய பதிவைக் கேட்டுக்கொண்டிருந்த மைனஸ் மேடம், ஹெட்செட்டைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுப் போனை எடுத்தாள்.

"அம்மா, பாப்பா போயிடுச்சும்மா," என்றாள் மகள்.

இதைக் கேட்டு நெஞ்சடைக்காத தாய் இருக்க மாட்டாள். மைனஸ் மேடத்துக்கும் அடைத்தது. நெஞ்சு அடைத்தால் வாயும் அடைபட வேண்டுமா இல்லையா? பழகிய வாய், அது தன்பாட்டுக்கு ஓடியது.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா. உன் கஷ்டம் எனக்குப் புரியுது. நாங்க எல்லாரும் உன்கூட இருக்கோம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

எதிர்முனையில் பேச்சில்லை. கேக்குதா என்றாள். இல்லை. இன்னொரு தடவை, கேக்குதாம்மா என்றாள். இல்லை. வைத்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குள்ளே டவர் கிடைக்காது, மாப்பிள்ளை பக்கத்தில் இருப்பார், சாயங்காலம் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. போனை வைத்த கையோடு, பழக்கதோஷத்தில், தான் பேசியதற்கு மனசுக்குள் மார்க் போட்டுப் பார்த்தாள். கழிக்க ஒன்றும் அகப்படவில்லை.

அன்று சாயங்காலம் மகள் போனை எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. வீட்டுக்கும் வர வேண்டாம் என்று ஒரு மெசேஜ் மட்டும் வந்தது. மைனஸ் மேடத்தின் வீட்டுக்காரர் மட்டும் தடையில்லாமல் போய் வந்தார். போனால் என்ன பிரயோஜனம்? அந்த மனிதரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் விடிந்துவிடும். எப்படி இருக்கிறாள் என்று கேட்டால் நல்லா இருக்கா என்பார். என்ன சொன்னாள் என்று கேட்டால் ஒண்ணும் சொல்லல என்பார். பிறகு டிவியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வீட்டில் டிவி பேசியது, அவர் கேட்டார். மைனஸ் மேடம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் மாப்பிள்ளை கூப்பிட்டார். நல்ல மாதிரிதான், ஆனால் எதையும் நேரே சொல்லத் தெரியாத ஆள். வெயில், டிராஃபிக், மாமாவின் முழங்கால் என்று ஊரைச் சுற்றிவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"அத்தை, அவ இப்ப உங்ககிட்ட பேசற நிலைமையில இல்ல. நீங்க முதல்ல யாராவது ஒரு கவுன்சலர்கிட்ட போய்ட்டு வாங்களேன். அதுக்கப்புறம் வீட்டுக்கு வாங்க. நான் சொல்லல, அவதான் சொல்லச் சொன்னா."

மைனஸ் மேடத்துக்கு வந்த ஆத்திரத்தில் போனைச் சுவரில் எறிந்திருப்பாள். போன் விலை நினைவுக்கு வந்ததால் தப்பியது. தனக்குப் பைத்தியமா? பெற்ற மகள் துரத்திவிடுகிற அளவுக்குத் தான் என்ன கொலையா செய்தாள்? அழகாக, முறையாக, ஒரு வார்த்தை தப்பாமல் வருத்தம் தெரிவித்தாள். இப்படியே இரண்டு நாள் பொருமினாள். மூன்றாம் நாள் புத்தி அதன் வழக்கமான தடத்துக்குத் திரும்பியது. தன் வசனம் மகளிடம் பலிக்கவில்லை, அவ்வளவுதானே. அதைவிட நல்ல வசனம் ஒன்று எங்கோ இருக்கிறது. கவுன்சலர்கள் என்கிறவர்கள் அதை விற்றுத்தான் சாப்பிடுகிறார்கள். ஒவ்வொருவரிடமாகப் போய்ப் பார்த்து, எவன் சொல்வது மனசில் போய் ஒட்டுகிறதோ அதை வாங்கிக்கொண்டு வந்து மகளிடம் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

தன் கதையோடு போவதா? அவளுக்கென்ன குறை? மகளின் கதையைத் தன் கதையாக மாற்றிக்கொண்டாள். பல வருஷத்துக்கு முன்னால் எனக்கு நாலாம் மாதத்தில் கலைந்தது, இப்போது திடீரென்று அது நினைவுக்கு வந்து வாட்டுகிறது என்று ஒரு டெஸ்ட் கால் தயாரானது. ஃபிரிட்ஜுக்குப் பதிலாகப் பிள்ளை. இதில் வெட்கப்பட ஏதாவது இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

'எனக்கு அருகில் உள்ள கவுன்சலர்' என்று போனில் தேடினாள். அடேயப்பா, ஊரில் இத்தனை பேர் மனசை ரிப்பேர் செய்கிறார்கள், அப்படியும் ஊர் இந்த லட்சணத்தில் இருக்கிறது. எல்லாரும் மோவாயில் கை வைத்துப் படம் எடுத்திருந்தார்கள். எல்லாரும் கனிவாகக் கேட்பார்களாம். எல்லாருக்கும் நட்சத்திரம் ஐந்துக்குக் குறையாமல் இருந்தது. நட்சத்திரம் போட்டது யார் என்று பார்த்தால் பாதி சித்தப்பா பிள்ளையும் மாமா மகளுமாகத்தான் இருக்கும். பஸ்ஸில் போகிற தூரத்தில் இருந்தவர்களாகப் பார்த்துச் சிலரைப் பொறுக்கினாள்.

முதல் ஆள் ஒரு ஜிம்முக்கு மேலே கடை போட்டிருந்தார். கீழே எவனோ இரும்பைத் தூக்கித் தொப்பென்று போடும்போதெல்லாம் மேலே நாற்காலி அதிர்ந்தது. மேஜை மேல் பிளாஸ்டிக் செடி, அதன் பக்கத்தில் கைக்கு எட்டும்படி டிஷ்யூ பெட்டி. முதல் தாள் பாதி வெளியே இழுத்துவிடப்பட்டு, அழு அழு என்று கூப்பிட்டது. மைனஸ் மேடம் தன் கதையை ஆரம்பித்து இரண்டாவது வாக்கியத்தை முடிக்கவில்லை, அவர் தலையைச் சாய்த்து, உங்க வலி எனக்குப் புரியுது என்றார். கொல்லன் தெருவிலேயே ஊசி விற்க வந்துவிட்டான். அதற்கப்புறம் அவள் சொன்னதையெல்லாம் அவர் திருப்பிச் சொன்னார். தூக்கம் வரல என்றால், உங்களுக்குத் தூக்கம் வரல என்றார். கோபமா வருது என்றால், உங்களுக்குக் கோபம் வருது என்றார். கிணற்றுக்குள் தலையை விட்டுக் கத்தினாலும் இதே பதில்தான் கிடைக்கும், கிணறு ஃபீஸ் கேட்காது என்று நினைத்துக்கொண்டே படி இறங்கினாள்.

இரண்டாவது ஒரு அம்மாள். வீட்டின் முன்னறையையே ஆலோசனை அறையாக்கி, சுவருக்கு நீலப் பெயிண்ட் அடித்து, மெத்தைகளைப் பரப்பி வைத்திருந்தாள். மைனஸ் மேடம் கதையைச் சொன்னதும் அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாடா, இங்கே ஏதோ சரக்கு இருக்கிறது என்று இவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த அம்மாள் மூக்கை உறிஞ்சிவிட்டு, எனக்கும் ஒரு இழப்பு இருக்கு என்று தொடங்கினாள். விட்டுப் போன புருஷன், அவன் எடுத்துப் போன நாய், நாயில்லாத வீட்டின் வெறுமை என்று அது ஓடியது. புருஷனைவிட நாய்க்குத்தான் அழுகை அதிகம். நேரம் பாதிக்கு மேல் போன பிறகு மைனஸ் மேடத்துக்குப் பொறுக்கவில்லை. உங்க கஷ்டம் எனக்குப் புரியுது, நாங்க உங்ககூட இருக்கோம் என்று தன் சரக்கையே எடுத்து விட்டாள். வேற ஏதாவது உதவி வேணுமா என்றும் கேட்டுவைத்தாள். அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மனசு லேசாகிவிட்டது என்று நன்றி சொன்னாள். ஃபீஸை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொண்டாள்.

மூன்றாவது சின்னப் பையன். முளைக்கலாமா என்று மீசை இப்போதுதான் யோசித்துக்கொண்டிருந்தது. உங்க சோகத்துக்கு ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள ஒரு மார்க் போடுங்க என்றான். யாரிடம் வந்து யார் மார்க் கேட்பது? அவள் ஏழு என்றாள். அடுத்த தடவை ஆறாக்கிடலாம் என்று சொல்லி, தினமும் காலையில் எழுந்ததும் மூன்று நல்ல விஷயங்களை நினைத்துப் பார்க்கச் சொன்னான். மறுநாள் காலையில் அவள் எழுந்ததும், அவனிடம் இனிமேல் போக வேண்டியதில்லை என்ற ஒரே ஒரு நல்ல விஷயம்தான் நினைவுக்கு வந்தது.

இப்படியாக மூன்று பேரையும் கழித்துத் தள்ளிய பிறகும் மகளிடம் கொண்டு போக ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை. நாட்கள் போய்க்கொண்டிருந்தன. சாயங்காலங்களில் அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், டிவியில் யாரோ யாரையோ பார்த்துச் சிரித்தார்கள். பொறுக்கியவர்களில் மிச்சம் ஒரே ஒரு முகவரிதான். அது ஒரு பல் ஆஸ்பத்திரியின் பின்னறை.

பல் டாக்டரின் தங்கைதான் கவுன்சலர். தனியாக வரவேற்பறை கிடையாது. கன்னம் வீங்கியவர்களோடு சேர்ந்து காத்திருக்க வேண்டும். எந்த வலிக்கு வந்திருக்கிறாள் என்று தெரியாமல், ஒரு ஆள் தன் கடைவாய்ப் பல்லை மைனஸ் மேடத்துக்குத் திறந்து காட்டினான். உள்ளே கூப்பிட்டார்கள். தங்கைக்காரிக்கு நல்ல ஜலதோஷம். வணக்கம் இல்லை, சிரிப்பு இல்லை. கையை ஆட்டி நாற்காலியைக் காட்டினாள். டிஷ்யூ பெட்டி அவள் மடியில் இருந்தது, வந்தவளுக்கு ஒன்று எடுத்து நீட்ட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அடுத்த அறையிலிருந்து பல்லைக் குடைகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. மைனஸ் மேடம் மகிழ்ச்சியாகக் கழிக்க ஆரம்பித்தாள்.

கதையைச் சொன்னாள். தங்கைக்காரி ம்ம் கூடக் கொட்டவில்லை. மூக்கைச் சிந்தினாள். வருத்தம் என்ற பேச்சே எழவில்லை, அதற்கு ஒரு பெரிய கழித்தல். பிறகு, ரேஷன் கடையில் விசாரிக்கிறவள் மாதிரி, சாதாரணமாகக் கேட்டாள்.

"அன்னைக்கு உங்ககூட யார் இருந்தா?"

வீட்டுக்காரர் என்று மைனஸ் மேடம் உடனே சொன்னாள். நுனிநாக்கில்தானே வைத்திருந்தாள். எந்த நேரம் என்று அடுத்த கேள்வி. மத்தியானம் என்றாள். வேலை நாளா? ஆமாம், வேலை நாள்.

"மத்தியானம் வீட்டுக்காரர் எப்படி வீட்ல இருந்தார்?"

மைனஸ் மேடம் வாயைத் திறந்தாள். திறந்த வாயில் ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை காலையில் வேலைக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவார். அது அவளுக்குத் தெரியும். அப்படியென்றால் அன்றைக்குப் பக்கத்தில் இருந்தது யார்? எங்கே நடந்தது, வீட்டிலா, வழியிலா? வலி எப்போது ஆரம்பித்தது? யார் தூக்கினார்கள், எதில் கொண்டு போனார்கள்? ஒழுகாத ஃபிரிட்ஜுக்கு முன்பக்கம் பின்பக்கம் எல்லாம் தெரிந்து வைத்திருந்தவளுக்கு, பெற்ற மகளின் பிள்ளை போன கதையில் ஒரு வரி தெரியாது. கேட்டால்தானே தெரியும். திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாக, கத்தவும் முடியாமல் சும்மா இருக்கவும் முடியாமல் நெளிந்தாள். பக்கத்து அறையில் குடைகிற சத்தம் நின்றது.

"இது எனக்கு நடக்கல," என்றாள். "என் பொண்ணுக்கு."

தங்கைக்காரி ஆச்சரியப்படவும் இல்லை, கோபப்படவும் இல்லை. ஒரு தும்மல் வருவதாக இருந்து வராமல் போயிற்று. அது போன பிறகு, "அப்ப இதை அவங்ககிட்ட கேக்கலியா?" என்றாள்.

"இல்ல."

"ஏன்?"

கேட்டுட்டு வாங்க, உங்க கதையை அப்புறம் பாக்கலாம் என்று தங்கைக்காரி பேச்சை முடித்தாள். ஆறுதலா, ஒரு சொட்டுக் கிடையாது. வேற ஏதாவது உதவி வேணுமா, அதுவும் கிடையாது. கணக்கை முடித்திருந்தால் பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும். மைனஸ் மேடம் வெளியே வந்து, வாசலில் சீட்டு எழுதுகிறவனிடம் அடுத்த வாரத்துக்கும் நேரம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அங்கிருந்து நேரே மகள் வீட்டுக்குப் பஸ் ஏறினாள். வழியெல்லாம் தன்மேலேயே காறித் துப்பிக்கொண்டு போனாள் என்று சொன்னால் மிகையில்லை. ஊரில் உள்ள பிள்ளைகளின் மூச்சுச் சத்தத்துக்கெல்லாம் மார்க் கழித்தாளே, அந்தத் துப்பு கெட்டவளுக்கு யார் கழிப்பது? ஜிம்முக்கு மேலே உட்கார்ந்திருந்த அந்தக் கிணறாவது சொன்னதைத் திருப்பிச் சொன்னது. இவள் அதுகூடச் செய்யவில்லை. பாப்பா போயிடுச்சா என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருந்தாலும் மகள் மேலே பேசியிருப்பாள்.

மாப்பிள்ளைதான் கதவைத் திறந்தார். போனீங்களா அத்தை என்று மெதுவாகக் கேட்டார். போனேன் என்றாள். அவர் ஒதுங்கி வழிவிட்டார். வெயிலைப் பற்றி ஏதோ சொல்ல வந்து, அதையும் சொல்லாமல் அடுக்களைப் பக்கம் போய்விட்டார்.

மகள் உள்ளறையில் கட்டிலில் துவைத்த துணியைக் கொட்டி வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். அம்மா வந்தது தெரிந்தும் தலையைத் தூக்கவில்லை. மைனஸ் மேடத்தின் வாயில் இருபது வருஷத்து வாக்கியங்கள் வந்து முட்டின. வருத்தமா இருக்கு என்பது முதலில் வந்தது. அதை உள்ளே தள்ளினாள். புரியுது என்பதைத் தள்ளினாள். கடைசியில் அந்த ஜலதோஷக்காரியின் கேள்வி மட்டும் மிஞ்சியது.

"அன்னைக்கு மத்தியானம் உன்கூட யார்டி இருந்தா?"

துணி மடிக்கிற கை நின்றது. அவள் போட்ட சட்டப்படி இந்நேரம் கேக்குதா என்று கேட்டிருக்க வேண்டும். மைனஸ் மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பயமாக இருந்தது. பதில் வராமலே போய்விடுமோ என்று இத்தனை வருஷத்தில் முதல் முறையாகப் பயந்தாள். அப்படியும் வாயைத் திறக்கவில்லை.

"யாருமில்ல," என்றாள் மகள், கையில் இருந்த துணியைப் பார்த்துக்கொண்டே. "அவர் வெளியூர் போயிருந்தார். பாத்ரூம் தரையில உக்காந்திருந்தேன். எந்திரிக்க முடியல. கையில போன் மட்டும்தான் இருந்துச்சு. உனக்குத்தான் பண்ணேன்."

மைனஸ் மேடம் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியும் இல்லை, டவரும் இல்லை, பக்கத்தில் மாப்பிள்ளையும் இல்லை. எல்லாம் அவளே கட்டிய கதை. மகள் இப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"ரெண்டு தடவ கேக்குதான்னு கேட்டியே," என்றாள். "கேட்டுச்சும்மா. அழுகை அடைச்சு வாயத் திறக்க முடியல. அதுக்குள்ள நீ வெச்சிட்ட."